ஹெலிகாப்டர் பறக்கவில்லையா? அப்படியானால் பந்தயமும் இல்லை!

எங்கள் ஊர் எழுமலை. மதுரை மாவட்டம், பேரையூர் தாலுகா. மேற்கே பார்த்தால் மலை, மற்ற பக்கமெல்லாம் மானாவாரிக் காடு. மதுரைக்குப் போக வேண்டுமென்றால் உசிலம்பட்டி போய், அங்கிருந்து தேனி ரோட்டைப் பிடித்து, செக்கானூரணி வழியாகப் போக வேண்டும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பஸ்சில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

கிட்டத்தட்ட அதே தூரத்தை, 60.7 கிலோமீட்டரை, பீட்டர் ஹிக்மேன் என்பவர் 2023ல் 16 நிமிடம் 36 நொடியில் பைக்கில் சுற்றி வந்தார். சராசரி வேகம் மணிக்கு 219 கிலோமீட்டர். பந்தயத்துக்கென்று கட்டிய தடத்தில் அல்ல. வீடுகள், கடைகள், கல் சுவர்கள், விளக்குக் கம்பங்கள், சர்ச் எல்லாம் ஓரத்தில் இருக்கும் சாதாரண ஊர் ரோட்டில். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் கிடக்கும் ஐல் ஆஃப் மேன் என்ற குட்டித் தீவில் நடக்கும் டி.டி. பந்தயம் அது.

இந்தப் பந்தயத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் பெரியப்பா மகன். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி, உசிலம்பட்டியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். நாய் குறுக்கே வந்தது. வண்டி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அந்த வழியாக வந்த லோடு வேன்காரர் ஒருவர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். முதலில் போன ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, "இங்கே பார்க்க முடியாது, மதுரைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்சுக்குக் காத்திருந்து, மதுரை போய்ச் சேர்ந்து, டாக்டர் கையில் ஒப்படைத்தபோது விழுந்து 2 மணி 50 நிமிடம் ஆகியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி, யார் தப்பு என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது காலில் கம்பி வைத்து ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தார்.

கட்டிலில் கிடக்கும் மனுஷன் என்ன செய்வார்? போனில் பைக் பந்தயம் பார்த்தார்! (பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டது தனிக்கதை.) ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "டேய் தம்பி, இங்க பாருடா... இவன் விழுந்து ரெண்டு நிமிசம்கூட ஆகல, அதுக்குள்ள ஹெலிகாப்டர் வந்து நிக்குது" என்று காட்டினார். அவர் குரலில் பொறாமையா, ஆச்சரியமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்றைக்குத் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டி.டி. பந்தயம் தொடங்கியது 1907ல். இப்போதுள்ள மலைப்பாதைச் சுற்றுக்கு வந்தது 1911ல். வந்த வருஷமே பயிற்சியில் விக்டர் சர்ரிட்ஜ் என்ற வீரர் இறந்துபோனார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பாதையில் பந்தயத்திலும் பயிற்சியிலும் இறந்தவர்கள் 260 பேருக்கும் மேல். 2022ல் மட்டும் ஒரே டி.டி.யில் ஆறு பேர். "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்பவர்கள் அந்த ஊரிலேயே உண்டு. 1972ல் கில்பெர்ட்டோ பார்லோட்டி இறந்த பிறகு, உலக சாம்பியன் அகோஸ்தினி இனி இங்கே ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1976க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்தே டி.டி.யை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பந்தயம் நிற்கவில்லை. நம் ஊர் ஜல்லிக்கட்டு விவாதம் மாதிரிதான் அதுவும். நான் அதற்குள் போகவில்லை.

எனக்கு ஆர்வம் ஏற்படுத்தியது வேறு ஒரு சிக்கல். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வளையம். பந்தயம் நடக்கும்போது அந்த ரோடு மூடப்பட்டிருக்கும். வளையத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் விழுகிறார். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? போக வேண்டிய ரோட்டில்தான் பைக்குகள் 200, 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கின்றனவே! பந்தயத்தை நிறுத்தினாலும் எல்லோரும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் வளைந்து வளைந்து மலை ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொரு விஷயம், டி.டி.யில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. பத்து நொடிக்கு ஒருவராக அனுப்புவார்கள். அதனால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியாமலேயே போகலாம். மலை மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

இதற்கு முதலில் கண்டுபிடித்த வழி பைக்தான். 1935ல் 'டிராவலிங் மார்ஷல்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பந்தய அனுபவம் உள்ளவர்களே பைக்கில் பாதையைச் சுற்றி வந்து, விபத்து நடந்த இடத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேருவார்கள். முதலுதவி கிடைத்துவிடும். ஆனால் அடிபட்டவரைப் பைக்கில் வைத்துக் கொண்டுபோக முடியாதே?

மிச்சப் பாதிக்கு விடை வானத்திலிருந்து வந்தது. 1963ல் முதல்முறையாக டி.டி.க்கு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் கொண்டுவரப்பட்டது. அந்த வருஷம் 250 சி.சி. 'லைட்வெயிட்' பந்தயத்தில் டோனி காட்ஃப்ரே என்ற வீரர், ராம்சி ஊருக்குப் பக்கத்தில் மில்ன்டவுன் என்ற இடத்தில் விழுந்தார். அவரைத் தூக்கி, டக்ளஸ் நகரத்திலிருந்த நோபிள்ஸ் ஆஸ்பத்திரிக்கு வானத்திலேயே கொண்டுபோனார்கள். டி.டி. வரலாற்றில் அப்படிப் போன முதல் ஆள் அவர்தான். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் ஹோண்டா ஓட்டிய ஜிம் ரெட்மேன். ஆனால் என்னைக் கேட்டால், அன்றைக்கு நடந்த பெரிய விஷயம் ஜெயித்தவர் கதை அல்ல, விழுந்தவர் கதை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஹெலிகாப்டரில் காயம்பட்டவரைத் தூக்கும் யோசனை பிறந்தது போர்க்களத்தில். அதுவும் எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? நம் அசாமிலிருந்து! 1944 ஏப்ரலில், இரண்டாம் உலகப் போரில், பர்மாக் காட்டில் ஜப்பானியர் பிடியிலிருந்த பகுதியில் ஒரு சின்ன விமானம் விழுந்தது. அதில் ஒரு அமெரிக்க விமானியும், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் இருந்தார்கள். கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் லெப்டினன்ட், அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து சிகோர்ஸ்கி கம்பெனியின் ஒய்.ஆர்.-4பி ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வண்டியில் விமானியைத் தவிர ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். ஒவ்வொருவராக, நான்கு நடை போய்த் தூக்கி வந்தார். நடுவில் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் என்ஜின் சூடேறிப்போய், மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போரில் ஹெலிகாப்டர் மூலம் நடந்த முதல் மீட்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த வெப்பம் சமாச்சாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காற்று சூடானால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், தூக்கும் எடையும் குறையும். நம் சித்திரை வெயிலில் ஹெலிகாப்டர் ஓட்டுவதும் ஐரோப்பியக் குளிரில் ஓட்டுவதும் ஒன்றல்ல.

அதற்கப்புறம் கொரியப் போரில் ஆயிரக்கணக்கானவர்களை இப்படித் தூக்கினார்கள். கண்ணாடிக் குமிழ் மாதிரி முகப்பு வைத்த பெல் ஹெலிகாப்டரின் இரண்டு பக்கமும் வெளியே ஸ்ட்ரெச்சரைக் கட்டிப் பறந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். வியட்நாமில் அது இன்னும் பெரிதானது. ஆனால் ஊருக்குள், சாதாரண ரோட்டில், சாதாரண ஜனங்கள் அடிபட்டால்? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் போலீஸ் ஹெலிகாப்டர் விபத்தில் சிக்கியவரைத் தூக்க ஆரம்பித்தது 1970 மார்ச்சில். ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 'கிறிஸ்டோஃப் 1' என்ற மஞ்சள் ஹெலிகாப்டரை மியூனிக்கில் நிறுத்தியது அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதி. ஸ்விட்சர்லாந்தின் மலை மீட்புக்காரர்கள் அதற்கு முன்பே ஹெலிகாப்டர் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் சாலை விபத்துக்கென்றே டாக்டரோடு தயாராக நிற்கும் ஹெலிகாப்டர் என்ற ஏற்பாடு உலகத்துக்குப் பழகியது 1970க்குப் பிறகுதான்.

காட்ஃப்ரேயைத் தூக்கியது 1963ல். ஏழு வருஷம் முன்னால்! பைத்தியக்கார விளையாட்டு என்று திட்டு வாங்கிய ஒரு பைக் பந்தயம், பெரிய பெரிய நாடுகளின் நெடுஞ்சாலைகளுக்கு முன்னால் அதைச் செய்துவிட்டது.

கார் பந்தயம்கூடப் பின்னால்தான் விழித்துக்கொண்டது. 1978ல் இத்தாலியின் மோன்சாவில் ரோனி பீட்டர்சன் விபத்தில் சிக்கி, ஆம்புலன்ஸ் வர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. மறுநாள் அவர் இறந்தார். அதற்கப்புறம் டாக்டர் சிட் வாட்கின்ஸ் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய விஷயங்களில் ஒன்று ஹெலிகாப்டர். இன்றைக்கு ஃபார்முலா 1ஆக இருந்தாலும் மோட்டோ ஜி.பி.யாக இருந்தாலும் மருத்துவ ஹெலிகாப்டர் தயாராக இல்லாமல், அல்லது ரோட்டு வழியே குறித்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போகும் வழி இல்லாமல், வண்டியை ஸ்டார்ட் செய்ய விடமாட்டார்கள். 2013ல் ஜப்பானின் மோட்டெகியில் மேகம் தாழ்ந்து ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் போனதால், மோட்டோ ஜி.பி.யின் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முழுவதும் ரத்தானது. 2020ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஃபார்முலா 1 பயிற்சிக்கும் அதே கதி. கோடிக்கணக்கில் பணம் கொட்டிய கம்பெனிகள், டிவிக்காரர்கள், டிக்கெட் எடுத்த கூட்டம் எல்லாம் ஒரு மேகத்துக்காகக் காத்துக் கிடந்தன.

டி.டி.யிலும் அதுதான் சட்டம். இப்போது அங்கே 'ஏர்மெட்' என்று அழைக்கும் ஹெலிகாப்டர்கள் டாக்டரோடு நிற்கின்றன. மிக மோசமாக அடிபட்டவர்களைக் கடல் தாண்டி லிவர்பூலுக்கே கொண்டுபோவதும் உண்டு. தீவின் மேல் மூடுபனி வந்தால் 'மனனானின் போர்வை' என்பார்கள். மனனான் அந்தத் தீவைக் காக்கும் பழைய கடல் தெய்வமாம், எதிரிகள் கண்ணில் படாமல் தீவை மூடுவானாம். அவன் போர்வையை எடுக்கும்வரை பந்தயம் கிடையாது. நம் ஊர்க் காவல் தெய்வம் உத்தரவு கொடுத்தால்தான் திருவிழா என்பது போல இல்லை? :-)

இங்கே ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஹெலிகாப்டர் 1963ல் வந்துவிட்டது, ஆனால் 2022ல் ஆறு பேர் இறந்தார்களே, அப்புறம் என்ன பிரயோஜனம்? நியாயமான கேள்வி. 250 கிலோமீட்டர் வேகத்தில் கல் சுவரில் மோதினால் எந்த ஹெலிகாப்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஹெலிகாப்டர் காப்பாற்றுவது நடுவில் உள்ளவர்களை. விழுந்தவுடன் சாகாத, ஆனால் மூன்று மணி நேரம் போனால் செத்துப்போகக்கூடியவர்களை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருப்பவர், மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டவர், தலையில் அடிபட்டு மூளை வீங்கிக்கொண்டிருப்பவர். 'கோல்டன் ஹவர்' என்று டாக்டர்கள் சொல்வது இவர்களுக்கான கணக்கு. நம் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 2019 திருத்தத்தில் அந்த வார்த்தைக்கு, காயம்பட்டதிலிருந்து ஒரு மணி நேரம் என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் தேடியதிலேயே என்னை அதிகம் பாதித்த கதையை இனித்தான் சொல்லப்போகிறேன்.

அயர்லாந்திலும் ஊர் ரோட்டில் பைக் பந்தயம் நடக்கும். இருபுறமும் வேலியும் கல் சுவரும் இருக்கும் கிராமத்து ரோடுகள். அங்கே ஜான் ஹைண்ட்ஸ் என்று ஒரு டாக்டர். வட அயர்லாந்தில் மயக்க மருந்து மற்றும் தீவிர சிகிச்சை நிபுணர். வாரக் கடைசியில் என்ன செய்வார் என்றால், தானே ஒரு வேகமான பைக்கில், மருந்துப் பையை மாட்டிக்கொண்டு, பந்தயக்காரர்களுக்குப் பின்னாலேயே போவார்! யாராவது விழுந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் இருப்பார். ரோட்டோரப் புல்லில் வைத்தே மூச்சுக்குழாய் போடுவார், நெஞ்சில் குழாய் இறக்குவார். 'பறக்கும் டாக்டர்' என்பது அவருக்கு ஜனங்கள் வைத்த பெயர். அங்கே கற்றுக்கொண்டதை உலகத்து டாக்டர்கள் கூடும் மாநாடுகளில் போய்ச் சொல்லியும் கொடுத்தார்.

அவர் அனுபவத்தில் கண்டுகொண்டது இதுதான். ரோட்டோரத்தில் என்னால் ஒருவரை இருபது நிமிடம் உயிரோடு வைத்திருக்க முடியும், ஆனால் அதற்கப்புறம் சரியான ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது? அப்போது பிரிட்டனிலேயே டாக்டரோடு பறக்கும் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இல்லாத ஒரே பகுதி வட அயர்லாந்து. அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பந்தயக்காரர்களுக்காக மட்டும் அல்ல, பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்காகவும், ரோட்டில் போகிறவர்களுக்காகவும்.

2015 ஜூலையில் டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரிஸ் என்ற ஊரில் பந்தயப் பயிற்சி. வழக்கம்போல டாக்டராகப் பைக்கில் போன ஹைண்ட்ஸ் விபத்தில் சிக்கினார். மறுநாள் இறந்துபோனார். வயது 35.

அவர் கேட்டது அவர் போன பிறகு நடந்தது. பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். 2017 ஜூலையில் வட அயர்லாந்தின் ஏர் ஆம்புலன்ஸ் பறக்க ஆரம்பித்தது. பழைய சிறைச்சாலை இருந்த மேஸ் என்ற இடத்தில்தான் அதன் தளம். அதன் ரேடியோ அழைப்புப் பெயர் 'டெல்டா 7'. பந்தயங்களில் டாக்டர் ஹைண்ட்ஸை ரேடியோவில் கூப்பிட்ட அதே பெயர். அது முதன்முதலில் தூக்கிக்கொண்டு போனது எந்தப் பந்தய வீரரையும் அல்ல. பண்ணையில் டிராக்டரில் சிக்கிய ஒரு சின்னப் பையனை.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரைச் சுற்றிலும் டிராக்டர்தான்.

நம் பக்கம் என்ன கதை என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டுக்கும் பைக் பந்தயத்துக்கும் பழைய உறவு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பித்தது 1953ல். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டுப் பிறகு கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில்தான் பல வருஷம் பந்தயம் நடந்தது. (விமானத்துக்காகப் போட்ட தளத்தில் பைக் ஓடியிருக்கிறது. எனக்கு இது ஏனோ வேடிக்கையாக இருக்கிறது.) 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் வந்தது. நீளம் 3.7 கிலோமீட்டர். கோவையில் கரி ஸ்பீட்வே 2003ல் வந்தது. மோட்டோ ஜி.பி. இந்தியாவுக்கு வந்தது 2023 செப்டம்பரில், டெல்லி பக்கம் புத் சர்க்யூட்டுக்கு.

இந்தத் தடங்களுக்கும் ஐல் ஆஃப் மேனுக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் எந்த மூலையில் விழுந்தாலும் ஓரத்தில் நிற்கும் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும். தடத்தை விட்டு வெளியே வந்தால் பெங்களூர் நெடுஞ்சாலை, சில கிலோமீட்டரில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 2024ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார் ஓட்டினார்களே, அங்கே சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனை கூப்பிடு தூரம். ஆக, ஹெலிகாப்டருக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

வேலை இல்லை என்பதால் சாவு இல்லை என்று அர்த்தமில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் மூத்த கார் பந்தய வீரர் கே.ஈ.குமார் 59 வயதில் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். இரண்டு முறையும் உடனே பந்தயத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பலனில்லை. ஹெலிகாப்டர் இருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. 13 வயதில் அவ்வளவு வேகமான வண்டியில் ஏற்றலாமா என்ற கேள்வி. என்னைக் கேட்டால் கூடாது என்பேன். ரேஸ் பிரியர்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

ஆனால் பாருங்கள், பந்தயத் தடத்துக்குள் விழுகிறவனுக்கு யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஜல்லிக்கட்டிலும் அப்படித்தான். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ வாடிவாசல் திறக்குமுன் டாக்டர்கள் குழுவும் ஆம்புலன்சும் வந்து நிற்க வேண்டும் என்பது விதி. மாடு முட்டினால் அங்கேயே முதல் சிகிச்சை, பெரிய காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. மூர்க்கமான விளையாட்டு என்பதாலேயே அங்கே முன்யோசனை இருக்கிறது. மூர்க்கம் எதுவும் இல்லாமல், கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குத்தான் அது இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2022ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். ஐல் ஆஃப் மேன் பாதை 110 வருஷத்துக்கு மேலாகப் பலி வாங்கிய எண்ணிக்கையை நாம் ஆறே நாளில் தொட்டுவிடுகிறோம். கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், சரிதான்.

அதற்காக நம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில். அதே மாதம்தான் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் கொண்டுபோனார்கள். ஹெலிகாப்டர் இல்லை, போலீசார் ரோட்டைக் காலி செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். 108ல் பைக் ஆம்புலன்சும் உண்டு. டாக்டர் ஹைண்ட்ஸ் செய்ததற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு வாங்காமல் பார்க்க வேண்டும்.

ஹெலிகாப்டர்? உத்தரகண்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2024 அக்டோபரில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் கொடுத்தார்கள். மலைப்பகுதி, அவசியம்தான். அந்த ஹெலிகாப்டரே 2025 மே மாதம் கேதார்நாத்தில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி வால் முறிந்தது. நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். தூக்க வருகிற வண்டியும் விழலாம் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது ஒன்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் மாட்டிக்கொண்டபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. ஆனால் தீ பிடித்தது சாயங்காலம். இருட்டு, செங்குத்துச் சரிவு, புகை. அந்த ராத்திரியில் போர்வையைக் கம்பில் கட்டி, டோலி மாதிரி தோளில் சுமந்து பலரைக் கீழே இறக்கியது அந்த ஊர்க்காரர்களும் வனத்துறையினரும்தான். அதற்கப்புறம் ஆம்புலன்சில் மதுரைக்கும் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஹெலிகாப்டர் என்றால் தேர்தல். தலைவர்கள் வருவதற்கு முந்தின நாளே பொட்டல் காட்டைச் சமப்படுத்தி, தண்ணீர் லாரியை விட்டுப் புழுதி அடக்கி, வட்டம் போட்டு நடுவில் எழுத்துப் போடுவார்கள். சின்ன வயதில் சத்தம் கேட்டாலே சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். ஆக, இறங்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கரண்ட் கம்பியும் பனைமரமும் இல்லாத ஒரு மைதானம், ராத்திரியில் வெளிச்சம், கூட்டத்தைத் தள்ளி நிறுத்த நாலு பேர், இவ்வளவுதான் தரையில் வேண்டியது. மேலே வேண்டியது பெரிய செலவு: வண்டி, இரண்டு விமானிகள், டாக்டர், ராத்திரியில் பறக்கும் கருவிகள்.

அந்தப் பணம் நம்மிடம் இருந்தால் முதலில் எதற்குச் செலவழிக்கலாம்? என் கருத்தைச் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். டி.டி. போன வரிசையிலேயே நாமும் போகலாம். 1935ல் பைக்கில் ஆள், 1963ல்தான் ஹெலிகாப்டர். விழுந்தவன் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் சீக்கிரம் போவது முதல் வேலை. சுற்றி வளைக்காமல், பார்க்கத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது இரண்டாவது. என் அண்ணன் விஷயத்தில் இரண்டு மணி 50 நிமிடத்தில் வண்டி ஓடிய நேரம் பாதிகூட இருக்காது. மிச்சமெல்லாம் காத்திருந்ததும், எங்கே போவது என்று தெரியாமல் நின்றதும்தான். அந்தப் பாதியை மிச்சப்படுத்த இறக்கை தேவையில்லை.

ஆனால் எழுமலையிலிருந்து மதுரை வரைக்கும் உள்ள அந்த 60 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கும். ஹைண்ட்ஸ் முட்டிக்கொண்ட சுவர் அதுதான்.

எழுதி முடித்ததை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது கம்பை ஊன்றி நடக்கிறார், பைக்கை விற்றாயிற்று. ஹிக்மேனின் வேகத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த டிராக்டர்ல மாட்டுன பய என்னடா ஆனான்?" என்று கேட்டார்.

"பிழைச்சுட்டான்ணே" என்றேன்.